வீட்டிலேயே பரிசுப் பெட்டி கட்டுவது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

என் அக்காவின் பிறந்தநாளுக்கு முதன்முதலில் ஒரு பரிசுப் பெட்டி கட்டி அனுப்பினேன். மூன்று வாரம் தேடித் தேடிப் பொருள் சேர்த்தேன். பெட்டி போய்ச் சேர்ந்ததும் அக்கா போன் செய்து, "ரொம்ப அழகா இருக்குப்பா" என்றாள். "டீ போட்டுக் குடிச்சியா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. டீத்தூளையும் வாசனைச் சோப்பையும் ஒரே பெட்டியில் அடுத்தடுத்து வைத்திருந்தேன். ஆறு நாள் பயணத்தில் டீத்தூள் முழுக்கச் சோப்பு வாசனை ஏறிவிட்டது. மெழுகுவர்த்தி ஒரு பக்கம் சரிந்து, அதன் மெழுகு நான் கையால் எழுதிய கடிதத்தில் ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் இருந்த பொருளின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகம்.

அதற்குப் பிறகு நிறையப் பெட்டிகள் கட்டிவிட்டேன். எங்கே தப்பு நடக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். அதை வரிசையாக எழுதுகிறேன். முதல் பெட்டி கட்டப் போகிறவர்கள் இதே வரிசையில் செய்தால் பாதிச் சிக்கல் வராது.

1. யாருக்கு, எந்தப் பொழுதுக்கு

தீம் என்றதும் பலர் நிறத்தைத்தான் நினைக்கிறார்கள். எல்லாம் நீலமாக ஒரு பெட்டி, எல்லாவற்றிலும் பூனைப் படம் போட்ட ஒரு பெட்டி. போட்டோவில் நன்றாக இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எதுவும் பயன்படாமல் அலமாரியில் கிடக்கும்.

நான் கண்டுகொண்ட வழி வேறு. பெறுபவருடைய நாளில் ஒரு பொழுதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் தீம். இரவு பத்து மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு புத்தகத்தை விரிக்கும் அம்மா. ஞாயிறு காலையில் தொட்டிச் செடிகளுக்கு நடுவே உட்காரும், இப்போதுதான் ஓய்வுபெற்ற அப்பா. வீடு மாறிய முதல் நாள் இரவில் எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று தெரியாமல் நிற்கும் நண்பன்.

அந்த மூன்றாவது பெட்டியை ஒரு நண்பனுக்குக் கட்டினேன். அதில் கத்தரிக்கோல், சிறிய ஸ்க்ரூடிரைவர், கைதுடைக்கும் துண்டு, சோப்பு, இரண்டு குவளை, டீ பைகள், சுவரில் ஆணி அடித்ததும் மாட்ட எங்கள் இருவர் போட்டோ ஒன்று. விலை உயர்ந்தது என்று எதுவுமே கிடையாது. அன்று இரவே எல்லாவற்றையும் பயன்படுத்திவிட்டான். பொழுது தெளிவாக இருந்தால் எதை வைப்பது, எதை விடுவது என்ற குழப்பமே வராது. "இந்த நேரத்தில் இது அவர் கைக்கு வேண்டுமா?" என்ற ஒரு கேள்வி போதும்.

ஒரு தாளில் இதை ஒரே வரியாக எழுதுங்கள்: யார், எந்தப் பொழுது, அப்போது எங்கே உட்கார்ந்திருப்பார். கடைக்குப் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

2. பணக் கணக்கு

மொத்தம் இவ்வளவுதான் என்று முதலில் ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். நான் அதை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு, உள்ளே வைக்கும் பொருளுக்கு 60, பெட்டி, காகிதம், ரிப்பன் எல்லாம் சேர்த்து 15, அனுப்பும் செலவுக்கு 25 என்று பிரிக்கிறேன். நேரில் கொடுப்பதாக இருந்தால் அந்த 25-ம் பொருளுக்கே போகட்டும்.

பணம் கரைவது பொருளில் இல்லை, அலங்காரத்தில்தான். ஒரு பெட்டிக்கு இரண்டு மீட்டர் ரிப்பன் போதும். கடையில் சுருளாகத்தான் கிடைக்கும். டிஷ்யூ பேப்பர் நான்கு தாள் போதும், கட்டாகத்தான் விற்பார்கள். ஒரே ஒரு பெட்டிக்காக இவற்றை வாங்கினால் செலவு எகிறிவிடும். வருடத்தில் எத்தனை பேருக்குக் கட்டப் போகிறீர்கள் என்று முதலிலேயே எண்ணி, எல்லோருக்கும் பொருந்தும் ஒரே நிற ரிப்பனையும் ஒரே நிறக் காகிதத்தையும் மொத்தமாக வாங்கிவிடுங்கள். பழுப்புக் காகிதமும் வெள்ளைச் சரடும் எந்தத் தீமுக்கும் ஒத்துப்போகும்.

3. நாள் கணக்கு: பின்னாலிருந்து எண்ணுங்கள்

நான் அதிகம் தடுமாறிய இடம் இதுதான். கொடுக்க வேண்டிய நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

தபாலோ கூரியரோ சொல்லும் நாளோடு மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள். பண்டிகை, விடுமுறைக் காலம் என்றால் ஒரு வாரம் கூட்டுங்கள். வெளிநாடு என்றால் சுங்கத்தில் நிற்கும் நாள்களும் உண்டு. பெட்டியை அடுக்கிக் கட்ட முழுதாக ஒரு மாலை வேண்டும்; அனுப்புவதற்கு முந்தைய நாள் மாலை அதற்காகவே இருக்கட்டும்.

கையால் செய்யும் பொருள் இருந்தால் அதற்கென்று தனிக் காலம் உண்டு. இதைத் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்:

- காரம் சேர்த்து வீட்டில் காய்ச்சாமல் செய்யும் சோப்பு பக்குவமாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன் கொடுத்தால் மென்மையாக இருக்கும், சீக்கிரம் கரையும். நேரம் இல்லையென்றால் உருக்கி ஊற்றும் சோப்புக் கட்டி வாங்குங்கள்; சில மணி நேரத்தில் இறுகிவிடும்.
- சோயா மெழுகில் செய்த வாசனை மெழுகுவர்த்தியை 1 முதல் 2 வாரம் மூடி வைத்தால்தான் ஏற்றும்போது வாசனை நன்றாக எழும்.
- புத்தகத்துக்குள் அழுத்தி உலர்த்தும் பூ, இலைக்கு 2 முதல் 4 வாரம். ஈரம் இருக்கும்போதே அட்டையில் ஒட்டினால் பூசணம் பிடிக்கும்.
- அச்சடிக்கும் போட்டோவுக்கு 3, 4 நாள். சரியில்லை என்றால் மறுபடி அச்சடிக்கவும் நேரம் இருக்க வேண்டும்.
- பின்னல் வேலைக்கு நீங்கள் நினைக்கும் நாளைப்போல் இரண்டு மடங்கு.

கையால் செய்வது ஒன்று போதும். எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்று இறங்கி, கடைசி இரண்டு இரவு தூங்காமல் பசை தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பெட்டியில் எதுவுமே திருத்தமாக அமையவில்லை.

4. பொருள் தேர்வு

ஐந்து முதல் ஏழு பொருள். பார்த்ததும் கண்ணில் படும் பெரியது ஒன்று, கையடக்கமாக இரண்டு, மீதி சின்னச் சின்னதாக. அவற்றில் ஒன்றாவது தீர்ந்துபோகும் பொருளாகவும், ஒன்றாவது நெடுநாள் நிற்கும் பொருளாகவும் இருந்தால் நல்லது.

இப்போது எச்சரிக்கைகள். ஒவ்வொன்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அல்லது மற்றவர்கள் படுவதைப் பார்த்தேன்.

வாசனை. சோப்பு, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, வாசனைப் பை, இவற்றில் எதையும் டீ, காபி, சாக்லெட், பிஸ்கட்டோடு சேர்க்காதீர்கள். காகிதத்தில் சுற்றினாலும் வாசனை ஊடுருவும். மெல்லிய பிளாஸ்டிக் பையும் தடுக்காது. உணவு வேண்டுமென்றால் வாசனைப் பொருளை விட்டுவிடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் உணவை இறுக மூடும் கண்ணாடி அல்லது தகர டப்பாவில் அடையுங்கள்.

வெப்பம். சாக்லெட்டில் இருக்கும் கோகோ கொழுப்பு சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். சோயா மெழுகு 50 டிகிரியை ஒட்டி உருகும். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் 50 டிகிரி என்பது சாதாரணம். ஆகவே வெயில் காலத்தில் இந்த இரண்டும் நேரில் கொடுக்கும் பெட்டிக்கு மட்டும்.

திரவம். மூடியைக் கழற்றி, பாட்டில் வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து, அதன் மேல் மூடியைத் திருகுங்கள். பிறகு மூடியைச் சுற்றி டேப். பிறகு ஜிப் பை. மூன்றும் வேண்டும்.

தீப்பற்றுவது. மெழுகுவர்த்தியோடு ஒரு தீப்பெட்டியும் வைத்தால் அழகாக இருக்குமே என்று தோன்றும். விமானத்தில் போகும் பார்சலில் தீப்பெட்டி, லைட்டர் கூடாது. சென்ட், நெயில் பாலிஷ், ஆல்கஹால் கலந்த கை சுத்திகரிப்பான், ஸ்ப்ரே டப்பா, தனியாக வைக்கும் பவர் பேங்க் ஆகியவற்றுக்கும் தடையோ கடும் கட்டுப்பாடோ உண்டு. ஒரு பொருளுக்காகப் பெட்டி முழுவதும் திரும்பி வந்துவிடும்.

குழந்தைகள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு மணி, பொத்தான், காந்தத் துண்டு போன்ற சிறு பொருள்கள் வேண்டாம். பொத்தான் பேட்டரி போட்ட விளக்கு, இசை அட்டை எதுவும் வேண்டவே வேண்டாம். விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதால், அந்த வீட்டுப் பெட்டியில் தேன் ஜாடி வைத்தால் அதையும் ஒரு சீட்டில் எழுதி ஜாடியில் ஒட்டுங்கள்.

விலைச் சீட்டு. ஹேர் டிரையரில் அரை நிமிடம் சூடு காட்டினால் பிசின் இளகி முழுசாக உரிந்து வரும். நகத்தால் சுரண்டினால் பாதி நிற்கும்.

5. வீட்டில் செய்த உணவு வைப்பதென்றால்

அனுப்பும் நாளுக்கு முதல் நாள் செய்யுங்கள். அடுப்பிலிருந்து எடுத்தது முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். கைக்கு வெதுவெதுப்பாக இருந்தாலும் உள்ளே ஆவி படியும். மொறுமொறுப்பு போய்விடும், கெடவும் செய்யும்.

டப்பாவின் மேல் சின்னச் சீட்டு ஒட்டுங்கள். செய்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், என்னென்ன சேர்த்திருக்கிறது. வேர்க்கடலை, முந்திரி, பாதாம், பால், முட்டை, கோதுமை, எள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். பெறுபவருக்கு ஒவ்வாமை இல்லாமல் இருக்கலாம். அவர் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு இருக்கலாம்.

பச்சைப் பூண்டையோ மூலிகையையோ எண்ணெயில் ஊறவைத்த பாட்டில் பார்க்க மிக அழகாக இருக்கும். அதைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். அறை வெப்பத்தில் காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். வாசனையிலோ நிறத்திலோ அது தெரியாது.

6. பெட்டியைக் கடைசியாக வாங்குங்கள்

அழகான பெட்டியைப் பார்த்ததும் வாங்கிவிட்டு, பிறகு அதை நிரப்பப் பொருள் தேடுவது எல்லோரும் செய்யும் தவறு. பெட்டி பெரிதாக இருக்கும். காலியாகத் தெரியக் கூடாது என்று தேவையில்லாததை வாங்கிப் போடுவோம்.

வாங்கிய பொருளை எல்லாம் தரையில் ஒரு செய்தித்தாளின் மேல் பரப்புங்கள். பெட்டிக்குள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி நெருக்கி வையுங்கள். இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். கால் மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. அமைந்ததும் சுற்றி பென்சிலால் ஒரு செவ்வகம் வரையுங்கள். நீளம், அகலம், இருப்பதிலேயே உயரமான பொருளின் உயரம் மூன்றையும் அளந்து, ஒவ்வொன்றிலும் 2 சென்டிமீட்டர் கூட்டுங்கள். அந்த அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெட்டியின் வெளி அளவை நம்பாதீர்கள், உள்ளே டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

அந்தச் செய்தித்தாளை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அடுக்கும் நாளில் எது எங்கே இருந்தது என்பது மறந்துபோகும்.

7. அடுக்குவது

நேரில் கொடுப்பதற்கும் பார்சலில் அனுப்புவதற்கும் அடுக்கும் முறை வேறு வேறு. உயரமானது பின்னால், சின்னது முன்னால், அடியில் காகிதத் துருவலை மேடாகப் போட்டு எல்லாம் சற்றே சாய்ந்து எட்டிப் பார்ப்பதுபோல் வைப்பது நேரில் கொடுக்கும் பெட்டிக்கு மட்டும். பார்சலில் போகும் பெட்டி தலைகீழாகவும் பக்கவாட்டிலும் உருளும். அதில் கனமானது அடியில் நடுவில், லேசானது மேலே, எதுவும் நகராதபடி.

காகிதத் துருவலை வாங்க வேண்டியதில்லை. வண்ணத் தாளை விசிறிபோல் மடித்து, மடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கீற்றாக நறுக்கினால் சுருள் சுருளாக விழும். ஒரு நடுத்தரப் பெட்டிக்கு ஏ4 தாள் பத்துப் பன்னிரண்டு போதும்.

கண்ணாடியும் பீங்கானும் தனித்தனியாகக் குமிழி உறையில் சுற்றப்பட வேண்டும். குவளைக்கு உள்ளேயும் காகிதத்தைத் திணியுங்கள்; கைப்பிடிக்கும் குவளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியையும் மறக்காதீர்கள், உடைவது அங்கேதான். இரண்டு கண்ணாடிப் பொருள் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. நடுவில் ஒரு மெத்தென்ற பொருள் வரட்டும்: துண்டு, காலுறை, தலையணை உறை. பரிசே பஞ்சின் வேலையையும் செய்துவிடும்.

மூடிய பிறகு இரண்டு கையாலும் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் திறந்து, இடைவெளியைக் காகிதத்தால் அடையுங்கள். சத்தமே வராத வரை இதைச் செய்யுங்கள்.

8. உள்ளேயும் வெளியேயும் போக வேண்டிய தாள்கள்

கடிதம். கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். அவசரத்தில் எழுதினால் "வாழ்த்துகள்" என்பதற்கு மேல் வராது. நான் பொருள் வாங்கும்போதே, எதற்காக இதை எடுத்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வைத்துவிடுகிறேன். கடைசியில் அந்த வரிகளைச் சேர்த்தால் கடிதம் தயார். அம்மாவின் பெட்டியில் புத்தகக் குறிக்கு நான் எழுதியது: "பக்கத்தை மடிக்காதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான்." குறியைவிட அந்த வரியைத்தான் அம்மா எல்லோரிடமும் காட்டினாள். கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலாக வையுங்கள்.

பொருள் பட்டியல். உடையும் பொருள், சீக்கிரம் சாப்பிட வேண்டிய பொருள், குளிர்ச்சியில் வைக்க வேண்டிய பொருள் மூன்றையும் தனியாகக் குறியுங்கள். துருவலுக்குள் புதைந்த சின்னப் பொருளைப் பார்க்காமலே குப்பையில் கொட்டிவிடுவார்கள். பட்டியல் இருந்தால் தேடுவார்கள்.

முகவரிச் சீட்டு. அனுப்புநர், பெறுநர் முகவரியும் போன் எண்ணும் எழுதிய ஒரு தாள் உள்ளேயும் இருக்க வேண்டும். வெளிச் சீட்டு நனைந்து கிழிந்தால் இதுதான் பெட்டியைக் காப்பாற்றும்.

போட்டோ வைப்பதென்றால் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே அச்சடிக்காதீர்கள். அனுப்பும்போது படம் சுருங்கிவிடுகிறது. 10×15 சென்டிமீட்டர் அளவில் தெளிவாக அச்சாகக் குறைந்தது 1200×1800 பிக்ஸல் வேண்டும். எடுத்தவரிடமே கேட்டு, ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

வெளிநாட்டுக்கு என்றால் சுங்கப் படிவம். தபாலில் சி.என். 22, மதிப்போ எடையோ கூடினால் சி.என். 23. தனியார் கூரியரில் இன்வாய்ஸ் கேட்பார்கள். "பரிசு" என்ற கட்டத்தில் குறியிட்டால் மட்டும் போதாது. "பருத்திக் காலுறை, 2 ஜோடி", "பீங்கான் குவளை, 1" என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கை, எடை, மதிப்போடு எழுத வேண்டும். மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். தொலைந்தால் இழப்பீடும் அந்த அளவுக்குத்தான். விதை, செடி, இறைச்சி, பால் பொருள்களுக்குப் பல நாடுகளில் தடை உண்டு. பெறுபவர் வரி கட்ட வேண்டி வருமா என்பதையும் முன்பே விசாரியுங்கள். இன்னொன்று: இந்தப் படிவம் பெட்டியின் வெளியில் ஒட்டப்படும். உள்ளே என்ன இருக்கிறது என்று பெறுபவர் திறக்கும் முன்பே படித்துவிடுவார். ஆச்சரியம் முக்கியம் என்றால் ஆச்சரியத்தைக் கடிதத்தில் வையுங்கள், படிவத்தில் பொய் எழுதாதீர்கள்.

9. அனுப்பும் செலவு எங்கே ஏறுகிறது

கூரியரில் தராசு காட்டும் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். வரும் எண் கிலோ கணக்கு. அதற்கும் தராசு எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். சில நிறுவனங்கள் வேறு எண்ணால் வகுக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பரிசுப் பெட்டி 25×18×10. பெருக்கினால் 4500, வகுத்தால் 0.9 கிலோ. இதை நெளி அட்டைப் பெட்டிக்குள் வைத்து, எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் பஞ்சு (காகிதமோ குமிழி உறையோ) விட்டால் வெளி அளவு 35×28×20. பெருக்கினால் 19,600, வகுத்தால் 3.92 கிலோ. உள்ளே ஒரு பொருள்கூடக் கூடவில்லை. கட்டணம் நான்கு கிலோவுக்கு. அதே பெட்டிக்கு 2 சென்டிமீட்டர் மட்டும் விட்டால் 29×22×14, அதாவது 1.79 கிலோ.

அதற்காகப் பஞ்சே வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடி, பீங்கான் இருந்தால் 5 சென்டிமீட்டர் விட்டுத்தான் ஆக வேண்டும். துணி, புத்தகம், காகிதப் பொருள் மட்டும் இருந்தால் 2 போதும். உடைவதையும் உடையாததையும் ஒரே பெட்டியில் கலப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். என் முதல் பெட்டியில் ஒரே ஒரு கண்ணாடி ஜாடிக்காகப் பெட்டி முழுவதற்கும் காசு கட்டினேன்.

வெளிப் பெட்டியின் நடு இணைப்பில் ஒரு நீள டேப், இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று, மேலும் கீழும் இதேபோல். அகலமான பழுப்பு டேப்பே வாங்குங்கள், மெல்லிய செல்லோ டேப் பிடிக்காது. பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்தினால் அதில் இருக்கும் பழைய முகவரி, பார்கோடு எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். ரிப்பன் உள்பெட்டிக்கு மட்டும். வெளியில் கட்டினால் இயந்திரத்தில் சிக்கிக் கிழியும்.

ரசீதையும் டிராக்கிங் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூடும் முன் உள்ளே இருப்பதையும் ஒரு போட்டோ. உடைந்து போனால் இழப்பீடு கேட்க அது வேண்டும்.

10. போய்ச் சேர்ந்த பிறகு

ஒரு வாரம் கழித்து, "பிடிச்சிருந்ததா?" என்று கேட்காதீர்கள். பிடித்தது என்றுதான் சொல்வார்கள். "எது உடைஞ்சிருந்தது? எதை முதலில் எடுத்தே?" என்று கேளுங்கள். வரும் பதிலை ஒரு நோட்டில், பெட்டியின் அளவு, எடை, செலவு, போய்ச் சேர எடுத்த நாளோடு எழுதி வையுங்கள். அக்காவுக்கு இரண்டாவது பெட்டி கட்டும்போது அந்த நோட்டில் இருந்தது ஒரே வரிதான்: டீ தனி டப்பா, சோப்பு வேண்டாம், கடிதம் உறைக்குள். இந்த முறை போனை எடுத்ததும் அவளே சொன்னாள், "டீ போட்டுக் குடிச்சுட்டுத்தான் பேசறேன்."